புதுச்சேரியில் ஒரு நாள், ஒரு வயிறு: புஸ்ஸி வீதியா, தமிழ்ப் பகுதி பேக்கரியா, குயிலாப்பாளையமா?

கோடை விடுமுறையிலும் பொங்கலை ஒட்டிய நாட்களிலும் கடலூருக்கு வரும் உறவினர்கள், ஒரு நாளைப் புதுச்சேரிக்கென்று ஒதுக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். மணக்குள விநாயகர் கோயில், கடற்கரைச் சாலை, ஆரோவில் என்று திட்டம் போட்டு முடித்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அங்கே பேக்கரிகள் பிரமாதம் என்கிறார்களே, எந்தக் கடைக்குப் போகலாம்?" கைப்பேசியில் பதினைந்து இருபது கடைகளின் பெயர்களைச் சேர்த்துவைத்திருப்பார்கள். அத்தனைக்கும் போக ஒரு நாளும் போதாது, ஒரு வயிறும் போதாது.

நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: கடைப் பெயரைப் பிறகு பார்க்கலாம், எத்தனை மணிக்கு ஊரின் எந்தப் பக்கத்தில் இருக்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பேக்கரிப் பண்டம் அடுப்பிலிருந்து இறங்கிய நிமிடத்திலிருந்து மாறத் தொடங்கிவிடுகிறது. சில பண்டங்கள் இரண்டு மணி நேரத்தில் நமுத்துவிடும். சில மாலை வரை தாக்குப்பிடிக்கும். இன்னும் சில, நாள் ஆக ஆகச் சுவை கூடும். புதுச்சேரியின் கடற்காற்றும் வெயிலும் இந்த வித்தியாசத்தை இன்னும் கூர்மையாக்கிவிடுகின்றன. நல்ல கடையில் தவறான நேரத்தில் வாங்கியதைவிட, சுமாரான கடையில் சரியான நேரத்தில் வாங்கியதுதான் பெரும்பாலும் ருசிக்கும்.

நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தையும் புஸ்ஸி வீதியையும் சுற்றியுள்ள பிரெஞ்சு பாணிக் கடைகள் ஒன்று. அந்தப் பகுதியை ஊரின் மற்றப் பகுதியிலிருந்து பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ்ப் பகுதியிலும் முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை போன்ற இடங்களிலும் உள்ள சாதாரண பேக்கரிகள் இரண்டாவது. ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையம் மூன்றாவது. இரவுக் கடற்கரையின் ஐஸ்கிரீம் நான்காவது. டிசம்பரில் வருபவர்களுக்கு மட்டும் ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது மற்ற நான்கையும் ஓரங்கட்டிவிடும் என்பது என் எண்ணம்.

வெண்ணெய்க்குக் காலைதான் நேரம்

புதுச்சேரியின் பிரெஞ்சு ரொட்டி, சுற்றுலாப் பயணிகளுக்காகப் புதிதாகப் போட்ட வேஷம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான லிசே இன்றும் நடக்கிறது. 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1962இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இங்கேயே வாழ்கிறார்கள். காலையில் நீளமான ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வாங்கிப்போகும் வீடுகள் இருப்பதால்தான், அதிகாலையில் மாவு பிசையும் கைகளும் இந்த ஊரில் இருக்கின்றன. கண்ணாடி அலமாரியும் மெல்லிய இசையுமாக இருக்கும் கடைகள் பிற்காலத்தில் வந்தவைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் ஓடும் ரொட்டிப் பழக்கம் பழையது.

இந்தப் பக்கத்தில் முதலில் சுவைக்க வேண்டியது குரோசான். பிறை வடிவில் இருக்கும் இதை நம்மில் பலர் 'உள்ளே ஒன்றும் இல்லாத பப்ஸ்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் அருமை உள்ளே வைக்கும் பூரணத்தில் இல்லை, மாவின் மடிப்பில் இருக்கிறது. மாவை விரித்து, நடுவில் வெண்ணெய்ப் பாளத்தை வைத்து மூடி, தேய்த்து மூன்றாக மடிப்பார்கள். குளிரவைத்து மறுபடி தேய்த்து மடிப்பார்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் இருபத்தேழு வெண்ணெய்ப் படலங்கள் உண்டாகும். அடுப்பின் சூட்டில் வெண்ணெயில் உள்ள நீர் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் தூக்கி நிறுத்துகிறது. வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும் பொருள். மடிக்கும்போதே அது உருகி மாவோடு கலந்துவிட்டால் அடுக்கு கிடையாது, வெறும் பன்தான் மிஞ்சும். சித்திரை வெயிலில் இதைச் செய்வது எளிதான வேலையே அல்ல. குளிரறையும் பொறுமையும் உள்ள கடையால்தான் முடியும்.

நல்ல குரோசானை எப்படித் தெரிந்துகொள்வது? கத்தியால் வெட்டாதீர்கள். இரண்டு கையாலும் பிடித்து மெல்லப் பிட்டுப் பாருங்கள். மேல் தோல் சருகுபோல் உடைந்து தட்டில் உதிர வேண்டும். உள்ளே, தேனடையின் கண்கள் மாதிரி பெரிதும் சிறிதுமாகத் துளைகள் தெரிய வேண்டும். இழுத்தால் பஞ்சுபோல் பிய்ந்துவிடாமல் சற்று நீண்டு வர வேண்டும். வாயில் போட்டபின் மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல் ஏதாவது தங்கினால் அது வெண்ணெய் இல்லை. வெயிலைத் தாங்குவதற்காகக் கெட்டியாக்கப்பட்ட தாவரக் கொழுப்பு வாயின் சூட்டில் முழுதாக உருகாது. வெண்ணெய் உருகி ஓடிவிடும், அதன் மணம் மட்டும் நிற்கும். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால், அந்தக் கடையில் மேற்கொண்டு என்ன வாங்கலாம் என்பதையும் முடிவு செய்துவிடலாம். குரோசானில் வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பைப் போடும் கடை, பூரணம் நிரப்பிய டார்ட்டின் அடித்தட்டிலும் அதையேதான் போடும்.

அடுத்தது எக்லேர். தண்ணீரையும் வெண்ணெயையும் கொதிக்கவிட்டு, மைதாவைக் கொட்டிக் கிளறி, முட்டையை அடித்துச் சேர்த்து, விரல் நீளத்துக்குப் பிழிந்து சுடுகிறார்கள். உள்ளே ஆவி நிறைந்து குழல்போல் உப்பிக்கொள்ளும். அந்தக் குழலுக்குள் பாலும் முட்டை மஞ்சளும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்டைச் செலுத்தி, மேலே சாக்லேட்டைப் பூசுகிறார்கள். ஓடு லேசாக மொறுமொறுக்கும்போது உள்ளே இருக்கும் குளிர்ந்த கஸ்டர்ட் நாக்கில் படுவதுதான் இதன் இன்பம். கஸ்டர்டின் ஈரம் ஓட்டுக்குள் ஏறத் தொடங்கினால் அந்த இன்பம் போய்விடும். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கடையில் எனக்குக் கொடுத்த எக்லேர் நனைந்த அட்டைபோல் தொய்ந்து கிடந்தது. அதே கடையில் காலையில் வாங்கியது அத்தனை நேர்த்தியாக இருந்தது. செய்தவர் கையில் குறையில்லை, ஐந்தாறு மணி நேரம்தான் காரணம். எனவே எக்லேரையும், அதே மாவில் செய்யும் புரோஃபிட்ரோலையும் பதினொரு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். முட்டையும் பாலும் கலந்த கஸ்டர்ட் வெப்பத்தில் சீக்கிரம் கெடும் என்பதால், குளிர்பெட்டிக்கு வெளியே வைத்திருந்தால் எந்த நேரமானாலும் வாங்க வேண்டாம்.

காலையைத் தவறவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. எலுமிச்சை டார்ட் மாலை வரை தாங்கும். அதன் அடித்தட்டு வெண்ணெயும் மைதாவும் சேர்ந்து நெருக்கமாகச் சுட்டது, ஈரத்தை அவ்வளவு சுலபமாக உறிஞ்சாது. எலுமிச்சைச் சாறும் முட்டையும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய பூரணத்தின் புளிப்பு, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் செய்துவிடும். நம் ஊர் இனிப்புகளில் இல்லாத ஒன்று இந்தப் புளிப்புதான். ஜாங்கிரியும் மைசூர்பாகும் அறிந்த நாக்குக்கு, இனிப்பில் புளிப்பு முன்னால் நிற்பது முதலில் திகைப்பாக இருக்கும். இரண்டாவது வாயில் பிடித்துப்போகும். பிரெஞ்சுக் கடையில் ஒரே ஒரு பண்டம்தான் வாங்க முடியும் என்றால் காலையில் குரோசான், பிற்பகலில் எலுமிச்சை டார்ட் என்பேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த டார்ட்டைப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். குளிரில் இறுகிய வெண்ணெய்க்கு மணமே இருக்காது.

புஸ்ஸி வீதியில் உள்ள பேக்கர் ஸ்ட்ரீட் இந்த வகையில் ஊரறிந்த கடை. ரொட்டி, குரோசான், டார்ட், எக்லேர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், குடும்பத்தோடு போய் நான்கைந்து வகைகளை வாங்கிப் பகிர்ந்துகொள்ள வசதி. வெள்ளை நகரத்துக்குள் உள்ள சிறு கஃபேக்களில் முற்றம், போகன்வில்லா, பழைய மஞ்சள் சுவர் எல்லாம் கிடைக்கும். ஆனால் அந்தச் சுவருக்கும் சேர்த்துத்தான் பில் வரும். உட்கார்ந்து பேச நேரம் இருந்தால் கஃபே, சுவைப்பதுதான் நோக்கம் என்றால் ரொட்டி சுடும் கடை என்று பிரித்துக்கொள்ளலாம். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கூட்டத்தால் அலமாரி சீக்கிரம் காலியாகிவிடும். வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமைதான் என்று இல்லை, வாரநாளில் மூடும் கடைகளும் உண்டு. கிளம்புமுன் ஒரு போன் செய்துவிடுவது நல்லது.

நான்கு மணித் தட்டு

வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் வேறு உலகம். இங்கே பேக்கரி என்றால் டீக்கடையும் சேர்ந்தது. வாசலில் பெஞ்சு, கண்ணாடி ஜாடிகளில் ரஸ்க், பட்டர் பிஸ்கட், உள்ளே தேங்காய் பன், கிரீம் பன், ஜாம் ரோல், டீ கேக், தேன் கேக். விலையைச் சொல்லவே வேண்டாம். பிரெஞ்சுக் கடையில் ஒரு எக்லேருக்குக் கொடுப்பதில் இங்கே ஒரு குடும்பமே பன்னும் டீயும் சாப்பிட்டுவிடும்.

இந்தக் கடைகளில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, சூடாகத் தட்டு எப்போது இறங்கும்?" பல கடைகளில் பிற்பகல் மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில் ஒரு சுற்று இறங்கும். பள்ளி விடும் நேரமும் டீ நேரமும் அதுதானே. விறகு அடுப்பு வைத்திருக்கும் கடை கிடைத்தால் ஓரமாக நின்று பாருங்கள். நீண்ட மரத் துடுப்பை அடுப்பின் வாய்க்குள் செலுத்தித் தட்டை இழுக்கும்போது, முதலில் வருவது சர்க்கரை கருகும் மணம், பின்னாலேயே தேங்காய் மணம். தேங்காய் பன்னின் ஓரத்தில் பூரணம் கசிந்து, தட்டில் பட்டுக் கெட்டியாகிக் கரும்பழுப்பாக ஒட்டியிருக்கும் அல்லவா, அந்த ஓரத்தை முதலில் கிள்ளிச் சாப்பிட வேண்டும். அரை மணி நேரம் கழித்து அதே பன்னில் அது இளகிவிடும்.

தேன் கேக்கின் கணக்கு இதற்கு நேர் எதிர். பெயரில் தேன் இருந்தாலும் பெரும்பாலான கடைகளில் ஊற்றுவது சர்க்கரைப் பாகுதான். ஸ்பாஞ்ச் கேக்கில் பாகை ஊறவிட்டு, மேலே சிவப்பு ஜாமைத் தடவி, உலர்ந்த தேங்காய்த் துருவலைத் தூவுவார்கள். பாகு அடிவரை இறங்கச் சில மணி நேரமாவது வேண்டும். காலையில் செய்ததை மாலையில் சாப்பிட்டால் எல்லா இடத்திலும் ஒரே ஈரமாக இருக்கும். அப்போதே செய்தது என்றால் மேலே பாகு, கீழே உலர்ந்த கேக். இங்கே 'புதியதாகக் கொடுங்கள்' என்று கேட்பதுதான் பிழை.

இந்த வகைக் கடைகளில் நான் தவிர்க்கச் சொல்வது, வெள்ளை கிரீம் மலை மலையாக ஏற்றிய பேஸ்ட்ரிகளை. அந்தக் கிரீம் பெரும்பாலும் பாலிலிருந்து வந்ததல்ல, தாவரக் கொழுப்பை அடித்து உப்பவைத்தது. கொழுப்புகளிலும் எண்ணெய்களிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது, அது நல்லதுதான். ஆனாலும் ருசி என்ற அளவில், அந்தக் கிரீம் சர்க்கரையைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. வயிற்றில் இருக்கும் கொஞ்ச இடத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

சரி, வெள்ளை நகரமா, தமிழ்ப் பகுதியா? நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே நான் பதில் சொல்வேன். கடலூர், விழுப்புரம், சிதம்பரம், நெய்வேலி என்று சுற்று வட்டாரத்திலிருந்து வருபவர்களுக்குத் தேங்காய் பன்னும் தேன் கேக்கும் வீட்டுத் தெருமுனையிலேயே கிடைக்கும். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் நாலு மணிக்குச் சூடாக இறங்கும் பன்னுக்குப் புதுச்சேரிப் பன் எந்த விதத்திலும் மூத்ததல்ல. அவர்கள் தங்கள் வயிற்றை வெண்ணெய்க்கே கொடுக்கட்டும். ஆனால் துபாய், சிங்கப்பூர், பெங்களூர் என்று வெளியூரில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு விடுமுறைக்கு வருபவர்களுக்குக் குரோசான் புதிதல்ல, தினமும் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்திருக்கும். அவர்களை நான் நேராக நாலு மணித் தட்டுக்குத்தான் அனுப்புவேன். சென்னைக்காரர்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது அவர்களுக்குச் சரி.

குயிலாப்பாளையம் தனி நாள் கேட்கும்

ஆரோவில் 1968இல் தொடங்கப்பட்டது. பல நாட்டவர் சேர்ந்து வாழும் இடம் என்பதால் ரொட்டி அங்கே அன்றாடத் தேவை. அதற்குள் நுழையும் வழியில் உள்ள குயிலாப்பாளையத்தில் ஆரோவில் பேக்கரி இருக்கிறது. பழுப்பு மாவு ரொட்டிகள், இயற்கையாகப் புளிக்கவைத்த மாவில் சுட்ட ரொட்டிகள், கூடவே குரோசானும் கேக்கும். அலங்காரம் குறைவு. தித்திப்பும் நகரக் கடைகளைவிட ஒரு படி குறைவாகவே இருக்கும். அதிகம் இனிக்காத இனிப்பைத் தேடுபவர்களுக்கு, வீட்டில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்ட பெரியவர்களுக்கு, இந்தப் பக்கம் பொருந்தும்.

ஆனால் எனக்கு இங்கே முக்கியம் சாக்லேட். மேசன் அண்டு கோ என்ற நிறுவனம் 2014இல் ஆரோவில் வட்டாரத்தில் தொடங்கி, தென்னிந்தியத் தோட்டங்களில் விளையும் கோகோ விதையை வாங்கி, வறுத்து, அரைத்து, கட்டியாக்குவது வரை தாங்களே செய்கிறார்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ நிற்பதைப் பலரும் பார்த்திருப்போம். அதன் காய்க்குள் இருக்கும் வெள்ளைச் சதையை வாயில் போட்டுச் சப்பியவர்களும் உண்டு. அந்த விதை புளித்து, காய்ந்து, வறுபட்டபின் எப்படி மணக்கும் என்பதை நாக்கு தெரிந்துகொள்ள இது ஒரு வாய்ப்பு. 70 விழுக்காட்டுக் கோகோ உள்ள ஒரு துண்டைக் கடித்து மெல்லாமல் நாக்கில் வைத்திருங்கள். கசப்புக்குப் பின்னால் ஒரு பழப் புளிப்பு வரும். பால் சாக்லேட் மட்டுமே சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் முகம் சுளிக்கலாம், கட்டாயப்படுத்த வேண்டாம்.

நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் போக வேண்டும், திரும்பவும் வேண்டும். ஒரு நாள் பயணத்தில் இதைச் செருகினால் வெள்ளை நகரத்தின் காலையோ தமிழ்ப் பகுதியின் மாலையோ கைவிட்டுப் போகும். ஆரோவில்லின் நடுவே உள்ள தியான மண்டபமான மாத்ரி மந்திர் பார்க்க எப்படியும் அந்தப் பக்கம் போகிறீர்கள் என்றால் போகும் வழியில் காலை உணவாகவே முடித்துக்கொள்ளுங்கள். இனிப்புக்காக மட்டும் என்றால் இரவு தங்குபவர்களுக்குத்தான் இது.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். நடப்பவர்களின் சாலையாக அது மாறியபின் ஜெலாட்டேரியா மாண்டெகாட்டினி டெர்மே என்ற கடையில் இத்தாலிய ஐஸ்கிரீமான ஜெலாட்டோ வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து நடக்கலாம். ஜெலாட்டோவில் சாதாரண ஐஸ்கிரீமைவிடக் காற்றும் கொழுப்பும் குறைவு, பரிமாறும் குளிரும் சற்றுக் குறைவு. அதனால் பழச் சுவை சட்டென்று தெரியும், உருகுவதும் சீக்கிரம். குழந்தைகள் உடன் இருந்தால் இதைத் தவிர்க்கவே முடியாது. பெரியவர்கள் மட்டும் என்றால், காந்தி சிலைக்கு அருகே கடலோரமாக நிற்கும் லே கஃபேயில் சர்க்கரை இல்லாத காபி ஒன்று போதும். அங்கே போவது அலைக்காக, கேக்குக்காக அல்ல.

டிசம்பரில் வந்தால்

விவிகம் கேக் என்று ஒன்று இருக்கிறது. புதுச்சேரிக் கிறிஸ்தவ வீடுகளில், குறிப்பாகப் பிரெஞ்சுத் தொடர்புள்ள குடும்பங்களில், கிறிஸ்துமஸுக்குச் செய்வது. மைதாவில் அல்லாமல் ரவையில் செய்வதுதான் இதன் தனித்தன்மை. ரவை, வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய உலர் பழங்கள், முந்திரி. மைதா கேக்கின் மிருதுத்தன்மையை எதிர்பார்த்துக் கடித்தால் பல்லில் சிறு மணலாக ரவை தட்டுப்படும், பின் வெண்ணெயில் கரையும். நம் ரவா கேசரியையும் பிரெஞ்சுக்காரரின் மதுவில் ஊறிய பழத்தையும் ஒரே அடுப்பில் ஏற்றத் துணிந்தது இந்த ஊர்தான். பிரெஞ்சுக் கடையின் டார்ட்டைப் பாரிஸில் சாப்பிடலாம், தேன் கேக்கைத் தமிழ்நாட்டில் எங்கும் சாப்பிடலாம். இதற்கு மட்டும் புதுச்சேரிக்குத்தான் வர வேண்டும்.

இதைக் கண்ணாடி அலமாரியில் தேடினால் கிடைப்பது அரிது. வீட்டில் செய்து விற்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். புதுச்சேரியில் தெரிந்த குடும்பம் ஏதாவது இருந்தால் டிசம்பர் முதல் வாரத்திலேயே கேட்டுவையுங்கள். பழம் ஊறுவதற்கே நாள் பிடிக்கும் சமாசாரம் இது. மற்ற எல்லாப் பண்டங்களுக்கும் நேரத்தைச் சொன்ன நான், இதற்கு மட்டும் பொறுமையைச் சொல்கிறேன். செய்த அன்றைக்கு இருப்பதைவிட நான்கைந்து நாள் கழித்துத்தான் பழச்சாறு கேக்குக்குள் பரவி மணம் ஒன்றுசேரும். டிசம்பர் இருபதுக்கு மேல் வருகிறவர்கள் எக்லேர், ஜெலாட்டோ எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் பரவாயில்லை, இதை விடக் கூடாது.

கேட்டுவிட்டு வாங்க வேண்டியவை

முட்டை சாப்பிடாதவர்கள் நம்மில் நிறையப் பேர். எக்லேர், கஸ்டர்ட், பாதாம் மாவில் செய்யும் மக்கரோன், சிப்பி வடிவச் சிறு கேக்கான மடலீன், எலுமிச்சை டார்ட் இவை எல்லாவற்றுக்கும் முட்டைதான் முதுகெலும்பு. முட்டையில்லாமல் செய்து தருகிறோம் என்று சொன்னாலும் அது வேறு பண்டமாகத்தான் இருக்கும். குரோசானின் மாவில் பொதுவாக முட்டை இருக்காது, ஆனால் மேலே பளபளப்புக்காக முட்டையைத் தடவிச் சுடுவது வழக்கம். மூஸ், சீஸ் கேக் போன்றவற்றில் ஜெலட்டின் இருக்கலாம். அது விலங்கிலிருந்து எடுக்கப்படுவது, எனவே முட்டை சாப்பிடுகிற சைவர்களும் முஸ்லிம் நண்பர்களும் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. பழக் கேக்குகளில் ரம் உண்டா என்பதையும் கேளுங்கள். இவற்றில் எதுவும் வேண்டாம் என்றால் கருஞ்சாக்லேட்டும், பழச்சாறில் செய்யும் பாலில்லாத ஜெலாட்டோ வகைகளும் கைகொடுக்கும். முழுச் சைவக் குடும்பத்தை அழைத்துப் போகும்போது வெள்ளை நகரத்தைச் சுருக்கி, குயிலாப்பாளையத்தின் சாக்லேட்டுக்கு நேரத்தைக் கொடுப்பதுதான் நியாயமான திட்டம்.

சாப்பிடும் முறையிலும் ஒரு வரிசை இருக்கிறது. நான்கு பேர் போனால் நான்கு எக்லேர் வாங்காதீர்கள். நான்கு வெவ்வேறு பண்டங்களை வாங்கி, ஒவ்வொன்றையும் நான்காக நறுக்கிக்கொள்ளுங்கள். இனிப்புக் குறைந்த குரோசான் முதலில், புளிப்பு டார்ட் அடுத்தது, கஸ்டர்ட் பிறகு, சாக்லேட் கடைசியில். சாக்லேட்டை முதலில் சாப்பிட்டால் அதன் கொழுப்பு நாக்கில் படிந்து பின்னால் வருவதை மூடிவிடும். ஐஸ்கிரீம் அதற்கும் பின்னால், குளிரில் மரத்த நாக்குக்கு எதுவும் தெரியாது. நடுவில் திகட்டினால் ஒரு வாய் உப்பு உள்ளே போக வேண்டும். வறுத்த வேர்க்கடலை போதும், காய்கறி பப்ஸில் பாதி என்றாலும் சரி.

வீட்டுக்கு வாங்கிப்போவது தனிக் கணக்கு. கஸ்டர்ட் உள்ள எதையும் பஸ்ஸில் ஏற்றாதீர்கள். கடலூர் ஒரு மணி நேரப் பயணம்தான் என்றாலும், அரியாங்குப்பம் பாலத்தில் வண்டிகள் தேங்கினால் வெயில் உங்களுக்காகக் காத்திருக்காது. நீள ரொட்டி, பழக் கேக், ரஸ்க், பட்டர் பிஸ்கட் ஆகியவை பத்திரமாக வந்துசேரும். குரோசானைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் நமுத்துவிடும். காகிதப் பையில் கொண்டுவந்து, மறுநாள் காலை எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் சிறு தீயில் மூடிவைத்து இரண்டு பக்கமும் சூடேற்றினால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பிவிடும். சாக்லேட் வழியில் உருகி மறுபடி இறுகினால் மேலே வெள்ளை பூக்கும். அது கெட்டுப்போனது அல்ல, கோகோ வெண்ணெய் மேலே வந்து படிந்ததுதான், சாப்பிடலாம்.

கையில் இரண்டே மணி நேரம்தான் இருக்கிறது, கடலூர் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்பவர்களுக்கு: நேரம் பதினொன்றுக்கு முன் என்றால் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்து நேரே புஸ்ஸி வீதி, குரோசான் ஒன்று, எக்லேர் ஒன்று, வீட்டுக்கு ஒரு நீள ரொட்டி. பதினொன்றைத் தாண்டிவிட்டது என்றால் அதே கடையில் எலுமிச்சை டார்ட் மட்டும். மாலை நாலு என்றால் வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போக வேண்டாம், நேரு வீதிக்குப் பின்னால் உள்ள சந்துகளில் நடந்து, எந்தக் கடையிலிருந்து தேங்காய் மணம் வருகிறதோ அங்கே நின்றுவிடுங்கள்.